காற்றை விற்கும் முன் கையெழுத்தைப் பாருங்கள்



வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, மகாராஜபுரம் பக்கத்துக் கடைத்தெருக்களில் சில மாதங்களாக ஒரு புதுச் சரக்கைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. இதை மூட்டை கட்ட முடியாது, தராசில் நிறுக்க முடியாது, கிட்டங்கியில் அடுக்க முடியாது. ஆனால் விலை உண்டு, வாங்குவோர் உண்டு, தரகரும் உண்டு. கார்பன் கிரெடிட் என்று பெயர். தோப்புக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போதும், மரம் நிற்பதற்கே பணம் வரும் என்கிறார்கள்.

நாம் மகாராஜபுரத்தில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரமும் தேங்காய்க் கொள்முதலும் செய்து வருகிறோம். பள்ளிப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவர்கள். சட்டம் படித்ததில்லை. ஆயினும் ஒப்பந்தம் என்பது என்ன, அதில் கையெழுத்துப் போட்டவன் எப்போது மாட்டிக்கொள்வான் என்பதைக் கல்லாப்பெட்டி நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இந்த விஷயம் தோப்புக்காரர்களைப் பற்றியது, மளிகைக்கடைக்காரனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதால்தான் எழுதுகிறோம்.

கேட்டது தோப்பை அல்ல, பற்று நோட்டை

சில வாரங்களுக்கு முன் இரண்டு இளைஞர்கள் நம் கடைக்கு வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். உட்காரச் சொல்லி காபி வாங்கிக் கொடுத்தோம். மரம் கரியமில வாயுவை இழுக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனிகள் அதற்குப் பணம் தருகின்றன என்று விளக்கிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்க கடையில பற்று வச்சிருக்கிற தோப்புக்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"எதுக்குத் தம்பி?"

"நாங்க போய்க் கேட்டா யோசிப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா உடனே கையெழுத்துப் போட்டிருவாங்க. கையெழுத்துக்கு இவ்வளவுன்னு உங்களுக்குக் கமிஷன் தந்திருவோம்."

அப்போதுதான் நமக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் தேடி வந்தது தென்னந்தோப்பை அல்ல. நம் பற்று நோட்டில் இருக்கும் நம்பிக்கையை. மூன்று தலைமுறையாக மாதக் கணக்கில் சாமான் வாங்கும் குடும்பம், நாம் சொன்னால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை வைத்து நம்மிடமே வாங்கப் பார்க்கிறார்கள். ஒப்பந்தப் படிவத்தைக் கொடுங்கள், வைத்திருந்து படிக்கிறோம் என்றோம். படிவம் ஆங்கிலத்தில் 22 பக்கம். தமிழில் கொடுத்தது இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரம் மட்டுமே.

ஒரு பழைய கணக்கு

நமக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1990களில் தேக்குமரத் திட்டங்கள் தமிழ்நாடு முழுவதும் பரவியது மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். இன்று ஆயிரம் கட்டினால் இருபது ஆண்டில் லட்சம் என்றார்கள். அந்த வகைக் கம்பெனிகளில் பெரிதாகப் பேசப்பட்ட சென்னை அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998ஆம் ஆண்டு சரிந்தபோது நாடே பேசியது. அதன் பிறகே 1999இல் செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. தமிழக அரசு 1997இலேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது.

நாம் சிக்கியது வேறொரு சிறு கம்பெனியில். பெயர் இங்கே வேண்டாம். 1996இல் நம் வாடிக்கையாளர்கள் 11 பேரை நாமே சேர்த்துவிட்டோம். கமிஷனும் வாங்கினோம். ஒன்றரை ஆண்டில் அவர்கள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பத்துப் பேர் திட்டிவிட்டுப் போனார்கள். பதினோராவது ஒரு விதவைத் தாய். திட்டவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டேன், அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த மாதச் சாமானை வேறு கடையில் வாங்கினார். அந்தப் பணத்தை நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுக நம் கையிலிருந்து கொடுத்து முடித்தோம். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று வக்கீல் சொன்னார். கடைப்படி கொடுக்க வேண்டியிருந்தது.

எனவே கார்பன் என்றதும் நாம் தயங்குவது கிழவனின் பயம் அல்ல, ஒரு தடவை சுட்ட கை. இதை முன்னமே சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுதுவதை வாசகர்கள் சீர்தூக்கிப் பார்க்க வசதியாக இருக்கும்.

இந்தச் சரக்கு என்ன?

கார்பன் வியாபாரமே மோசடி என்று நாம் சொல்லவில்லை. அது உண்மையான வியாபாரம், அரசாங்கங்கள் ஒப்புக்கொண்டது. ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கரியமில வாயு, அல்லது அதற்குச் சமமான வேறு வாயு, காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டது அல்லது காற்றிலிருந்து இழுக்கப்பட்டது என்று சான்றளிக்கப்பட்ட கணக்கு. புகை அதிகம் விடும் கம்பெனி அதை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

இங்கேதான் வியாபாரி கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. நாம் விற்கும் துவரம்பருப்பு மூட்டைக்குள் இருக்கிறது. கார்பன் கிரெடிட்டில் விற்பது வந்திருக்க வேண்டிய, ஆனால் வராத புகை. வராததை எப்படி நிறுப்பது? இந்தத் திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு புகை வந்திருக்கும் என்று முதலில் ஓர் அடிப்படைக் கணக்குப் போடுகிறார்கள். திட்டத்துக்குப் பின் வந்ததை அதிலிருந்து கழிக்கிறார்கள். மிச்சம்தான் சரக்கு. அடிப்படைக் கணக்கைக் கொஞ்சம் தூக்கிப் போட்டால் இல்லாத சரக்கு இருப்பதாக ஆகிவிடும். எடைக்கல்லில் கை வைப்பது போலத்தான்.

இதனால்தான் நல்ல பதிவகங்கள் மூன்று கேள்வி கேட்கின்றன. இந்தப் பணம் கிடைக்காமலே இந்த வேலை நடந்திருக்குமா? இழுத்த கரி மீண்டும் காற்றுக்குப் போகாமல் எத்தனை ஆண்டு நிற்கும்? இதே டன்னை வேறு யாரிடமும் விற்கவில்லையே? முதல் கேள்வியிலேயே நம் பகுதியின் பெரும்பாலான தோப்புகள் நின்றுவிடும். அப்பா நட்ட தென்னை, தாத்தா வைத்த மா ஆகியவை கிரெடிட்டுக்காக நடப்பட்டவை அல்ல. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குப் பொதுவாகக் கிரெடிட் கிடைப்பதில்லை. புதிதாக நடுவதற்கோ, சாகுபடி முறையை மாற்றுவதற்கோதான் கணக்கு. நிற்கும் தோப்புக்கே பணம் என்று ஒருவர் சொன்னால் அவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தே சொல்பவர். மலையடிவாரக் காடும் புலிகள் காப்பகமும் அரசாங்கத்துச் சொத்து. அதை யாரும் நமக்காக விற்கவும் முடியாது, நம்மிடம் வாங்கவும் முடியாது.

மில்காரர்கள் கற்ற பாடம்

கார்பன் வியாபாரம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2002இல் அதை ஏற்றது. 2005 பிப்ரவரி 16 முதல் அது அமலுக்கு வந்தது. அதன்கீழ் வளரும் நாடுகளின் திட்டங்கள் கிரெடிட் உண்டாக்கி வளர்ந்த நாடுகளுக்கு விற்கலாம் என்று வழி செய்தார்கள்.

முப்பந்தல், கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் காற்றாலை நிறுத்தியிருந்த தமிழக நூற்பாலைகளுக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. தனித்தனி மில் ஒவ்வொன்றும் ஐ.நா. அமைப்பில் பதிவு செய்வதென்றால் செலவு தாங்காது. எனவே திண்டுக்கல்லில் தலைமையிடம் உள்ள தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல மில்களின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்துப் பதிவு செய்தது. சங்கம் என்றால் என்ன செய்யலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். இதை மனதில் வையுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வருகிறோம்.

விலை என்ன ஆயிற்று? 2008இல் ஒரு டன்னுக்கு 20 யூரோவுக்கு மேல் போனது. மும்பை எம்.சி.எக்ஸ். சந்தையில் அதே ஆண்டு முன்பேர வர்த்தகம்கூடத் தொடங்கினார்கள். 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. ஐரோப்பாவில் தொழில் மந்தம். சந்தையில் கிரெடிட் குவிந்துவிட்டது. 2013க்குப் பின் பதிவாகும் புதுத் திட்டங்களில் மிகப் பின்தங்கிய நாடுகளுடையதை மட்டுமே வாங்குவோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. வத்தல் விலையும் ஏலக்காய் விலையும் விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் வத்தல் விழுந்தாலும் குழம்புக்கு வத்தல் வேண்டும். வாங்குபவர் சட்டத்தை மாற்றினால் வாங்குவதற்கு ஆளே இல்லாமல் போகும் சரக்கு இது.

காற்றாலை வைத்த மில்காரர்கள் தப்பியது எப்படி? காற்றாலை மின்சாரம் கொடுத்தது. மின்சாரம் தறியையும் கதிரையும் ஓட்டியது. கார்பன் அதன்மேல் வந்த கூடுதல். நம் பாஷையில் சொன்னால், சோறு மின்சாரம், கார்பன் ஊறுகாய். ஊறுகாயை நம்பி உலை வைக்காதவன் பிழைத்தான்.

சட்டம் பின்னால்தான் வரும்

இன்னொரு பாடம் வரியில். கிரெடிட் விற்ற பணம் வியாபார வருமானமா, மூலதன வரவா என்று வருமான வரித் துறைக்கும் கம்பெனிகளுக்கும் பல ஆண்டு வழக்கு நடந்தது. ஆந்திர உயர் நீதிமன்றம் 2014இல் ஒரு மின் நிறுவன வழக்கில் அது மூலதன வரவு என்றது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் ஒரு நூற்பாலை வழக்கில் அதே வழியில் தீர்ப்பளித்தது. இதற்கிடையில் 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 115 பிபிஜி என்ற பிரிவைச் சேர்த்து, கார்பன் கிரெடிட் விற்ற வருமானத்துக்கு 10 சதவீத வரி என்று அரசு வகுத்தது. செலவு எதையும் கழிக்க முடியாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டு இயற்றப்பட்டிருப்பதால், பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? வியாபாரம் முன்னே ஓடியது, சட்டம் பத்து ஆண்டு கழித்து வந்தது. நடுவில் ஓடியவர்கள் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தார்கள். பெரிய மில்லுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. மூன்று ஏக்கர் தோப்புக்காரருக்கு?

இப்போது நம் நாட்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்கு 2022இல் திருத்தம் செய்து, 2023 ஜூன் 28 அன்று கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. எரிசக்தித் திறன் பணியகம் அதை நிர்வகிக்கிறது. கிரிட் கண்ட்ரோலர் ஆப் இந்தியா பதிவேட்டை வைத்துக்கொள்கிறது. வர்த்தகத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மேற்பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய நான்கு தொழில்களின் பெரிய ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் புகை இலக்கு நிர்ணயித்தார்கள். திட்டத்துக்கென வகுத்த ஒன்பது தொழில்களில் நெசவும் ஒன்று. ராஜபாளையம் மில்காரர்களும் சிமெண்ட் ஆலைக்காரர்களும் இதை நன்றாக அறிவார்கள். இலக்கைத் தாண்டி மிச்சம் பிடித்த ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும், தவறிய ஆலை வாங்கிக் கட்ட வேண்டும். 2023 டிசம்பர் 19 திருத்தத்தால், இலக்கு விதிக்கப்படாதவர்களும் தாமாகத் திட்டம் பதிவு செய்து சான்றிதழ் பெறலாம் என்று வழி வைத்தார்கள்.

இது தவிர 2023 அக்டோபரில் வந்த பசுமை கிரெடிட் திட்டம் வேறு, வெளிநாட்டுத் தனியார் பதிவகங்கள் வேறு. அப்படிப்பட்ட பதிவகங்களில் பெரியதான வெர்ரா, சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை 2024இல் நிராகரித்தது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, அரசாங்கத் திட்டம் என்று பொதுவாகச் சொல்லித்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். எந்தப் பதிவகம், எந்த முறை, திட்டத்தின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

நம்மிடம் கொடுத்த 22 பக்கத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் பழக்கமான வக்கீல் ஒருவரிடம் கொடுத்து வரி வரியாகத் தமிழில் கேட்டோம். அவர் சுட்டிக்காட்டியவற்றை, நமது அனுபவத்தையும் சேர்த்து, எட்டுக் குறிப்புகளாகத் தருகிறோம்.

1. உரிமை யாருக்கு? பட்டா தாத்தா பெயரில், அனுபவிப்பவர் பேரன், குத்தகைக்கு எடுத்தவர் மூன்றாமவர். கிரெடிட் யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பங்காளிச் சண்டைதான் மிஞ்சும்.

2. எத்தனை ஆண்டு? படிவத்தில் 30 ஆண்டு இருந்தது. அதுவரை கம்பெனியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மரம் வெட்டக்கூடாது, நிலத்தை விற்றாலும் வாங்குபவர் கட்டுப்பட வேண்டும். மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? வங்கியில் அடமானம் வைக்கப் போனால் என்ன சொல்வார்கள்? நிலத்தை ஓராண்டுக்கு மேல் குத்தகையாகக் கொடுக்கும் பத்திரம் என்றால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதையும் அறிய வேண்டும்.

3. பங்கு எதிலிருந்து? 'நிகர வருமானத்தில் 50 சதவீதம்' என்று இருந்தது. நிகரம் என்றால் கம்பெனியின் சரிபார்ப்புச் செலவு, பதிவுச் செலவு, நிர்வாகச் செலவு போக. அந்தச் செலவை எழுதுவது அவர்கள், பார்ப்பது யார்? கணக்கைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்ற வரி வேண்டும்.

4. அளவு குறைந்தால் அபராதமா? 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டாவில் எத்தனை தென்னை சாய்ந்தன! அப்படி மரம் விழுந்தால் 'குறைந்த டன்னுக்கு' தோப்புக்காரர் ஈடு கட்ட வேண்டுமா? புயல், தீ, வாடல் நோய், கூன் வண்டு ஆகியவற்றுக்கு விலக்கு எழுதப்பட வேண்டும்.

5. பணம் எப்போது? கையெழுத்தான தேதியிலிருந்தா, சான்று கிடைத்த தேதியிலிருந்தா, விற்ற தேதியிலிருந்தா? சான்று கிடைக்கப் பல ஆண்டு ஆகும். இத்தனை ஆண்டுக்குள் ஒரு கிரெடிட்டும் வராவிட்டால் ஒப்பந்தம் தானே முடிந்துவிடும் என்ற வரி வேண்டும்.

6. வழக்கு எங்கே? தகராறு வந்தால் டெல்லியில் நடுவர் மன்றம் என்று இருந்தது. 5,000 ரூபாய்த் தகராறுக்கு டெல்லிக்கு யார் ரயில் ஏறுவது? நமது மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அங்கேயோ மதுரையிலோ வைத்துக்கொள்ள வேண்டும்.

7. எந்த மொழி? முழு ஒப்பந்தமும் தமிழில் கொடுக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்று எழுத வேண்டும். துண்டுப் பிரசுரம் ஒப்பந்தம் ஆகாது.

8. முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், சர்வே கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்ய 2019இல் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது.

இனி வருமானத்தையும் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 டன், டன்னுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3 ஏக்கருக்கு 3,600 ரூபாய். செலவு என்று 40 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் கழிந்தால் மிச்சம் 2,160. அதில் பாதி 1,080. ஏக்கருக்கு 360. ஏக்கருக்கு 70 தென்னை என்றால் ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 5 ரூபாய்ச் சொச்சம். ஒரு தேங்காய் விலைகூட இல்லை. இந்த ஐந்து ரூபாய்க்காக 30 ஆண்டுக்கு மரத்தின்மேல் இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது சரியா என்பதைத் தோப்புக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டு அவர் முடிவு செய்யட்டும். காட்டாமல் கையெழுத்து வாங்குவது வியாபாரம் ஆகாது.

கடைக்காரனின் பொறுப்பு

இனி நமக்கு வருவோம். கையெழுத்து வாங்கிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கும் சகோதரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜெண்டுகளைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. சாதாரணமாக ஏஜெண்டு செய்த ஒப்பந்தத்துக்கு எஜமானரே பொறுப்பு. ஆனால் எஜமானர் யார் என்று சொல்லாமல் ஒப்பந்தம் பேசினால், ஏஜெண்டே பொறுப்பாளி என்று 230ஆம் பிரிவு கருதுகிறது. அதிகாரம் இல்லாமலே தன்னை ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டவர், அதை நம்பியவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடு கட்ட வேண்டும் என்று 235ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனியின் நியமனக் கடிதம் கையில் இல்லாமல், வாய்வார்த்தையை நம்பி, நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் கடைக்காரரின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்காரர் ஊரைவிட்டுப் போவார். நாம் ஊரில் இருப்போம்.

கமிஷனுக்கும் கணக்கு உண்டு. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறு மளிகைக்காரர், சேவைக்காகப் பெறும் வரவு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் அந்தச் சலுகையை இழக்க நேரும். பில் இல்லாமல் ரொக்கமாக வாங்கும் கமிஷன் பின்னால் எந்த நோட்டீஸாக வரும் என்று சொல்ல முடியாது.

இளைஞர்கள் சொல்வதும் நியாயமே

நம் கடைத்தெருவில் இளைய வணிகர் ஒருவர் நம்மோடு வாதாடினார். "அண்ணாச்சி, இப்படியே பயந்துக்கிட்டு இருந்தா எல்லாத்தையும் வெளியூர்க்காரன் கொண்டுபோயிடுவான். நாளைக்கு இதுதான் பெரிய வியாபாரம்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் எல்லையிலேயே கார்பன் கணக்குக் கேட்கும் ஏற்பாட்டை 2023 அக்டோபரில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்துகிறது. உலகம் அந்தப் பக்கம் போகிறது. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் மரம் நட்டு, சரியான பதிவகத்தில், சரியான ஒப்பந்தத்தோடு செய்தால் நம் விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கலாம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

தனித்தனியாக, அவசரமாக, படிக்காமல் கையெழுத்துப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். நூற்பாலைச் சங்கம் செய்ததை நினைத்துப் பாருங்கள். பெரிய பெரிய மில் முதலாளிகளே தனியாகப் போகவில்லை, சங்கமாகப் போனார்கள். தனியாகப் போனால் தரகர் விலை சொல்வார். சேர்ந்து போனால் நாம் விலை கேட்கலாம்.

நமது வேண்டுகோள்

எனவே நமது சங்கத்தின் முன் மூன்று யோசனைகளைத் தாழ்மையுடன் வைக்கிறோம்.

முதலாவது, கார்பன் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துச் சேகரிக்க, கம்பெனியின் எழுத்துப்பூர்வமான நியமனமும் முழுத் தமிழ்ப் பிரதியும் இல்லாமல் எந்த உறுப்பினரும் முன்வருவதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். வாடிக்கையாளரின் பற்று நோட்டுப் பட்டியலை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவது, இத்தகைய ஒப்பந்தம் எது வந்தாலும் சங்கச் செலவில் ஒரு வக்கீலையும் ஓர் ஆடிட்டரையும் படிக்கச் சொல்லி, அவர்கள் கருத்தைச் சங்க அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். ஒரு தடவை படிக்க ஆகும் செலவு ஒரு கடைக்குச் சில ரூபாய்தான் வரும்.

மூன்றாவது, தோப்புக்காரர்களின் உற்பத்தியாளர் குழுக்களோடு பேசி, கம்பெனிகள் வந்தால் அவர்கள் கூட்டாகப் பேரம் பேச நாம் துணை நிற்க வேண்டும். அவர்கள் வருமானம்தான் நம் கல்லாவுக்கு வருகிறது. தோப்பு நொடித்தால் கடை நொடிக்கும்.

அந்த இரு இளைஞர்களும் போன வாரம் திரும்ப வந்தார்கள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தோம். எட்டுக் குறிப்பையும் ஒரு தாளில் எழுதி, இதற்கெல்லாம் உங்கள் கம்பெனியிலிருந்து எழுத்தில் பதில் வாங்கி வாருங்கள், வந்தால் நாமே தோப்புக்காரர்களை ஒரு நாள் கூட்டி வைக்கிறோம், எல்லோர் முன்னிலையிலும் பேசுங்கள் என்றோம். வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பதில் வந்தால் இதே பத்திரிகையில் தெரிவிக்கிறோம். நியாயமான பதிலாக இருந்தால் அதையும் அப்படியே எழுதுவோம்.

அன்று வேறு கடைக்குப் போன அந்தத் தாய் இன்று இல்லை. அவருடைய பேரன் நம் கடையில்தான் பற்று வைத்திருக்கிறார், இரண்டு ஏக்கர் தென்னையும் இருக்கிறது. இந்தப் படிவத்தைப் பற்றி அவரும் நம்மிடம் வந்து கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணாச்சி?" என்றார். 1996இல் சொன்ன பதிலை நாம் சொல்லவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேன்" என்றோம். வணிகப் பெருமக்கள் அனைவரும் தம் வாடிக்கையாளருக்கு இந்த ஒரு பதிலைச் சொன்னால் போதும்.

வாழ்க வணிகர் ஒற்றுமை.